ஜூனில் பூக்கும் கொடி

“மல்லிதான் வேணும்னு சொல்றேன், நீ என்னடான்னா...”

“மல்லி மூணு வருஷமா செத்துட்டே இருக்கு மானஸா, நாலாவதா ஒண்ணை வாங்கி...”

“செத்தது உன்னால. அக்டோபர்லயே உள்ள எடுத்து வைன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்...”

“எடுத்துத்தானே வெச்சேன்? ஹீட்டர் பக்கத்துல...”

“அதான் சொல்றேன், உன்னாலன்னு.”

நவநீத் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். ஜெர்சி சிட்டியில் இரண்டாம் மாடி வீடு. மார்ச் மாதக் கடைசி சனிக்கிழமை. பால்கனிக் கம்பியில் எந்தக் கொடியை ஏற்றுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் காலையிலிருந்து முட்டிக்கொண்டிருந்தார்கள். மானஸா சோபாவில் சாய்ந்திருந்தாள். இருபத்தொன்பது வாரத்து வயிறு, அதன்மேல் பட்டாணிச் சுண்டல் தட்டு. அது அவளுக்கு ஒரு விளையாட்டு. காரமாக எதைத் தின்றாலும் கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் உதை வரும், தட்டு ஆடும். “சார் ஆஜர்” என்று சிரிப்பாள்.

“இங்க சீசனே குட்டி,” என்றான் நவநீத். “மல்லிக்குச் சூடு வேணும். மே நடு வரைக்கும் வெளிய வைக்கவே முடியாது. அப்புறம் அது யோசிச்சு யோசிச்சு ஆகஸ்ட்ல மொட்டு விடும். ரெண்டு மாசத்துல மறுபடி குளிர்.”

“சரி, உன் ஆளு யாரு?”

“ஸ்வீட் பீ. பாக்க பட்டாணிக் கொடி மாதிரியே இருக்கும். பூ கமகமன்னு மணக்கும். அதுக்கு இந்தக் குளிர்தான் பிடிக்கும். இப்ப போட்டா ஜூன்ல பூத்துடும்.” அவன் குரல் இறங்கியது. “நீ ஹாஸ்பிட்டல்லேர்ந்து குழந்தையோட வர்ற அன்னிக்கு, பால்கனிக் கதவைத் திறந்தா வாசனை வரணும். அதான்.”

மானஸா ஒரு கரண்டி சுண்டலை வாயில் போட்டுக்கொண்டாள். கோபம் பாதி வடிந்துவிட்டது. “இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கத்தப்போறேன்? விதை வாங்கியாச்சா?”

“வாங்கி, நேத்தே ஊறப் போட்டாச்சு. தோல் கெட்டி, ஊறினாத்தான் சீக்கிரம் முளைக்கும். இரு, கொண்டுவரேன்.”

சமையலறையில், விதை ஊறப் போட்டிருந்த எவர்சில்வர் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“மானஸா, அடுப்புக்குப் பக்கத்துல ஒரு கிண்ணம் இருந்ததே?”

“அதுவா? என் பட்டாணியோட சேர்த்துக் குக்கர்ல போட்டுட்டேன். பழுப்பா, குட்டி குட்டியா இருந்தது. சுடுதண்ணி தவிர எதுவும் வைக்கத் தெரியாதவன், எனக்காகப் புதுசா ஏதோ வாங்கி ஊற வெச்சிருக்கானேன்னு ஆசையா இருந்தது. தேங்காய்கூட ஜாஸ்தி போட்டேன்.”

நவநீத் குப்பைக் கூடையைக் கிளறி விதை உறையை எடுத்தான். பின்பக்கம், அடியில், எறும்பு எழுத்தில் ஒரு வரி. விதைகளில் நஞ்சு உண்டு, உண்ணக் கூடாது. வாங்கும்போது பூவின் படத்தைத்தான் பார்த்திருந்தான். இப்போது அந்த வரியை மூன்று தரம் படித்தான்.

“என்ன, பேச்சையே காணோம்?”

“துப்பு.”

“என்னது?”

“வாயில இருக்கறதைத் துப்பு, மானஸா.” ஓடிவந்து தட்டைப் பிடுங்கினான்.

உறையில் முப்பது விதை என்று போட்டிருந்தது. முப்பதையும்தான் ஊற வைத்திருந்தான். தட்டில் இருந்தது, வாணலியில் மிச்சம் இருந்தது எல்லாவற்றையும் டீப்பாயில் காகிதம் விரித்துக் கொட்டினார்கள். தேங்காய்த் துருவலை விலக்கி, பச்சையிலிருந்து பழுப்பை இரண்டு பேருமாகப் பொறுக்கினார்கள்.

“பத்தொம்பது,” என்றான்.

“திரும்ப எண்ணு.”

“பத்தொம்பதுதான்.”

“அப்ப பதினொண்ணு உள்ள போயிருக்கு. நீயும் வாணலியிலேர்ந்து ரெண்டு வாய் எடுத்துப் போட்டுக்கிட்டே. இல்ல?”

“ஆமா.”

“அப்ப எனக்கு எத்தனை?”

அந்தப் பதினொன்றும் தன்னுடைய அந்த இரண்டு வாயிலேயே போயிருக்கட்டும் என்று நவநீத் வேண்டிக்கொண்டான். எந்தச் சாமியிடம் என்று அவனுக்கே தெரியவில்லை.

விஷ உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். என்ன செடி, பச்சையா வேகவைத்ததா, எத்தனை, எவ்வளவு நேரமாயிற்று, வாந்தி உண்டா, வயிற்று வலி உண்டா. அவன் இங்கிலீஷ் தடுமாறித் தடுமாறி வந்தது. கர்ப்பம், இருபத்தொன்பது வாரம் என்று அவன் சொன்னதும் அந்தக் குரல், டாக்டரிடம் கேட்டு வருகிறேன், லைனை வைத்துவிடாதீர்கள் என்றது. பிறகு பியானோ இசை.

“பயப்பட ஒண்ணுமில்லன்னு அவ ஏன் சொல்லல?” என்றாள் மானஸா.

“பயப்படணும்னும் சொல்லலையே.”

“உனக்கு ஏதாவது பண்ணுதா?”

“இல்ல. உனக்கு?”

“கைதான் சில்லுன்னு இருக்கு.”

“அது பயம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் சில்லுன்னுதான் இருக்கு.”

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பியானோ முடிந்து, அதே இசை முதலிலிருந்து ஆரம்பித்தது. மானஸா எட்டி டீப்பாயிலிருந்து காலித் தட்டை எடுத்தாள். பழைய இடத்திலேயே, வயிற்றின்மேல் வைத்து, மெல்லக் கையை எடுத்தாள். நவநீத் தரையில் மண்டியிட்டு அதன் விளிம்பையே பார்த்தான். ஜன்னல் வெளிச்சம் அதில் ஒரு புள்ளியாக நின்றது, அது அசையவில்லை. தன் மூச்சில் தட்டு ஆடிவிடுமோ என்று மானஸா மூச்சைப் பிடித்து வைத்திருந்தாள், அப்படி ஆடினால் அது கணக்கில்லை.

“சாப்பிட்டு இருபது நிமிஷம் ஆச்சு,” என்றாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “இந்நேரம் ஒரு உதை விட்டிருக்கணுமே, நவநீத்?”