செவ்வாயில் ஒரு வெள்ளை

செவ்வாய் என்றால் மலர்கொடிக்குத் தெரிந்ததெல்லாம் தோஷம்தான். அதன் பேரைச் சொல்லித்தான் அவள் கல்யாணத்தை நாலு வருஷம் இழுத்தடித்தார்கள். காணும் பொங்கலும் அதுவுமாக, அந்தப் பாழாய்ப் போன கிரகத்தைப் பார்க்க மரக்காணத்து உப்பள வரப்பில் வந்து நிற்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

எல்லாம் நாத்தனார் சங்கீதாவின் வேலை. வானூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். லீவுக்கு வந்தவள் பள்ளிக்கூட டெலஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணியை விரட்டி விரட்டி வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்ய வைத்ததும் அவள்தான். இடது கண்ணுக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். மலர்கொடி போவதாக இல்லை. செய்த கண்ணே சரியில்லையே! நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்புப் பாத்தியில் இறங்கினால் அவளுக்கு எல்லாம் மங்கல். மாசி பிறந்தால் உப்பு வார ஆள் கூப்பிடுவார்கள். கண் தெரியாதவளை யார் கூப்பிடுவார்கள்? அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

இருட்டியதும் கடல் பக்கம் செவ்வாய் தீக்கங்கு மாதிரி ஏறி வந்தது. உப்பு லாரி ஓட்டும் அவள் புருஷன் சக்கரபாணிதான் முதலில் குனிந்து பார்த்தான்.

"அடேங்கப்பா! ஓரத்துல யாரோ உப்பக் கொட்டி வச்சாப்ல வெள்ளையா இருக்குது!"

"உப்பில்லண்ணா, ஐஸு. அதோட துருவம். அண்ணி, நீங்க வாங்க."

மலர்கொடி வலது கண்ணை வைத்தாள். இருட்டு. நடுவில் மங்கலாக ஏதோ சிவப்புக் கீற்று.

"தெரியுதா அண்ணி?"

"தெரியுது, தெரியுது."

"வெள்ளை எந்தப் பக்கம் இருக்குது?"

வசமாக மாட்டிக்கொண்டாள். "ஒண்ணும் தெரியலடி. இந்தக் கண்ணு அவ்ளோதான். இன்னொண்ணையாச்சும் சும்மா உட்டுடு. நான் வரல."

சங்கீதாவின் முகம் செத்துப்போனது. செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அண்ணியின் பக்கத்தில் குந்தினாள். "எங்க, இன்னொரு வாட்டி பாருங்க." மலர்கொடி பார்த்தாள். "அண்ணி, ஏன் கண்ண இப்டி இடுக்கிக்கினு பாக்குறீங்க?"

"நீதானடி வெள்ளைன்னு சொன்ன? வெள்ளைய முழுக் கண்ணால பாத்தா கண்ணு அவிஞ்சிடாதா?"

சக்கரபாணிக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. உப்பின் மேல் வெயில் பட்டுத் தெறிக்கும்போது கண்ணை நூலளவு வைத்துக்கொண்டுதான் அங்கே எல்லாப் பெண்களும் வாருவார்கள். வருஷக்கணக்கில் இடுக்கி இடுக்கி, புரை போன பிறகும் அவள் கண் முழுசாகத் திறக்கவே இல்லை.

"இது கூசாது அண்ணி. நம்பித் தொறங்க."

பயந்து பயந்துதான் திறந்தாள். முதலில் ஒரு செம்மண் உருண்டை நடுங்கியது. அப்புறம் நின்றது. அதன் விளிம்பில், அரிசியில் ஒரு குறுணை அளவுக்கு, வெள்ளை. மலர்கொடிக்கு மூச்சு விடத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த வெள்ளையெல்லாம் கண்ணைக் குத்தியது, இது குத்தவில்லை.

"அங்க இப்ப குளிர் போயி வெயில் ஏறுது," என்றாள் சங்கீதா. "மேல படிஞ்ச பனி தண்ணியாவாமலே காத்தோட பூடும். திரும்பக் குளிர் வந்தா திரும்பப் படியும்."

"தண்ணி போயி வெள்ளை நிக்கறதத்தான்டி பாத்துருக்கேன். வெள்ளையே எழுந்து போவுமா?"

யாரும் வரப்புக் கட்டாமல், யாரும் வாராமல், அது பாட்டுக்கு வந்து அது பாட்டுக்குப் போகிறது. கோடிக் கணக்கான மைலுக்கு அப்பால் நடக்கும் அதை, மரக்காணத்துச் சேற்றில் நின்றுகொண்டு அவள் பார்க்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட நகரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து இடது கண்ணை மாற்றி வைத்தாள். அகலத் திறந்தும் சிவப்பு மட்டும் கலங்கித் தெரிந்தது. வெள்ளை இல்லை.

நிமிர்ந்தாள். "அடுத்த வாரம் என்னிக்குடி வரச் சொன்னாங்க?"

"புதன்கிழமை. ஏன் அண்ணி?"

"போலாம். இந்தக் கண்ணு இன்னும் அதப் பாக்கலியே."