அவர் எழுதிய தூக்கம்

பதினான்கு நாள் தூக்கத்தை அந்த லிஃப்ட் மெக்கானிக் இருபது நிமிடத்தில் எழுதி முடித்தார்.

எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கவிழ்த்துப் போட்ட ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் எழுதினார். ஏழு நாளுக்கு நீல மை, ஏழு நாளுக்குக் கறுப்பு மை. ஒரே பேனாவில் எழுதினால் ஒரே மூச்சில் எழுதியது தெரிந்துவிடும் என்பது பதினெட்டு வருட அனுபவம். லிஃப்டைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடும் அட்டைகளையும் மாதக் கடைசியில் அப்படித்தான் நிரப்புவார். சும்மா சொல்லக் கூடாது, லிஃப்டுகள் நன்றாகத்தான் ஓடின. அதனால் இதில் ஒரு தப்பு இருப்பதாக அந்த மனுஷனுக்குத் தோன்றியதே இல்லை.

நோட்டு அவர் மனைவியுடையது. அந்த அம்மாள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் இருபது குழந்தைகளையும் மதியம் தூங்க வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஆறு மாதமாக அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

முதலில் புருஷனிடம்தான் சொன்னாள். நாள் பூரா பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்குப் படுத்தவுடன் தூக்கம் வர வேண்டுமே, எதையாவது யோசித்துக்கொண்டு கிடக்காதே என்று அவர் புத்தி சொன்னார். அக்காவிடம் சொன்னாள். இந்த வயதில் எல்லாருக்கும் அப்படித்தான் என்றாள் அக்கா. உடன் வேலை செய்கிறவர்களில் ஒருத்தி வெந்நீர்க் குளியல் என்றாள், இன்னொருத்தி சூடான பால் என்றாள். எல்லாவற்றையும் செய்து பார்த்து அலுத்துப்போய், ஒரு நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகவே டாக்டரிடம் போனாள். அந்த டாக்டரம்மா கொடுத்ததுதான் இந்த நோட்டு. எத்தனை மணிக்குப் படுத்தாய், எப்போது தூங்கினாய், எத்தனை முறை எழுந்தாய், எழுந்தபோது உடம்பில் என்ன தெரிந்தது என்று நாலு கட்டம். இரண்டு வாரம் எழுதி எடுத்து வரச் சொல்லியிருந்தார்.

எழுத்து என்றாலே அவளுக்குக் கண் எரிந்தது. புருஷன் எழுத்தில் கெட்டி. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவர் கையில் கொடுத்தாள்.

முதல் நாள் காலையில் சொல்லவும் செய்தாள். படுத்தால் இரண்டு காலுக்குள்ளும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, ஆட்டாமல் இருக்க முடியவில்லை, எழுந்து நடந்தால் போய்விடுகிறது, படுத்தால் திரும்ப வந்துவிடுகிறது என்றாள். அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். சாயந்திரம் எழுதிக்கொள்ளலாம் என்றார். மறுநாள் அவள் வாயைத் திறக்கும்போது போன் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆகவே தான் பார்த்ததை எழுதினார். பார்த்தது என்ன? பத்தரைக்கு அவள் விளக்கை அணைத்துப் படுப்பாள். ஐந்தரைக்கு இவர் கண் விழிக்கும்போது சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்கும். நடுவில் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். தன் தூக்கத்தையே மனைவியின் பெயரில் எழுதி வைத்தார். கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பதினான்கு கோடு போட்டார்.

இரண்டு வாரம் முடிந்து இருவரும் போனபோது டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

"தினமும் ஏழு மணி நேரம் தூங்கறீங்களேம்மா. தூங்கலைங்கிற நினைப்புதான் உங்களைப் படுத்துது."

நடக்கச் சொன்னார், சாயந்திர டீயை விடச் சொன்னார். மெக்கானிக், நான் சொன்னேனா இல்லையா என்கிற முகத்தோடு மனைவியைப் பார்த்தார். அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரி தூங்கிக்கொண்டே தூக்கம் வரவில்லை என்கிறாள் என்று மெக்கானிக் அந்த வாரம் முழுக்க வேலை இடத்தில் சொல்லிச் சிரித்தார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு மதியம், காப்பகத்தில் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவள் அப்படியே கண் அயர்ந்துவிட்டாள். பதினோரு நிமிடம் என்று கேமரா சொன்னது. அந்தப் பதினோரு நிமிடத்தில், இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று அவள் மடியிலிருந்து இறங்கி, சரியாகச் சாத்தாத கதவைத் தள்ளிக்கொண்டு போய், படிக்கட்டில் உருண்டுவிட்டது. வலது கையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, நெற்றியில் ஆறு தையல்.

குழந்தையின் அம்மா வந்து சத்தம் போட்டிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள். அந்தப் பெண் சத்தம் போடவில்லை.

"தூங்கிட்டீங்களா ஆயாம்மா? உங்க மடியில விட்டுட்டுத்தானே போனேன்?"

அன்றைக்கே வேலை போயிற்று. பதினான்கு வருட வேலை. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. இந்தக் குழந்தைகள் ஆயாம்மா என்று கூப்பிட்ட சத்தத்தில்தான் அவள் அந்தக் குறையை ஒருவாறு மறந்து வாழ்ந்து வந்தாள். இப்போது அதுவும் போயிற்று.

இருவரும் திரும்ப டாக்டரிடம் போனபோது, பழைய நோட்டு மேசைமேல் திறந்திருந்தது. டாக்டரம்மா அதையும் அவளுடைய குழி விழுந்த கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றார் மெக்கானிக்.

"நீங்க முழிச்சிருந்து பார்த்தீங்களா?"

"இல்லைங்க. தூங்கிட்டேன்."

டாக்டரம்மா நோட்டை மூடினார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, நீங்களே சொல்லுங்கள் என்றார். அவள் காலுக்குள் எறும்பு ஊர்வதைச் சொன்னாள். ஒரு வருடமாக மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போவதையும் கேட்ட பிறகு சொன்னாள். அதுவரை அதை யாரும் கேட்டிருக்கவில்லை. ரத்தத்தைச் சோதித்ததில் உடம்பில் இரும்புச் சத்து அடிமட்டத்தில் கிடந்தது.

பெண்களுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் ஒன்றல்ல என்று டாக்டரம்மா விளக்கினார். தைராய்டாக இருக்கலாம், மாதவிலக்கு நிற்கும் வயதின் மாற்றமாக இருக்கலாம், மனக்கவலையாக இருக்கலாம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதாக இருக்கலாம். இவளுக்கு இருந்தது காலை ஆட்டாமல் இருக்க முடியாத ஒரு கோளாறு. இரும்புச் சத்து குறைந்தால் அது வரும், சத்தை ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா மாத்திரையோட போயிருக்கும். நானும் நோட்டைத்தான் படிச்சேன். உங்களைக் கேக்கலை," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் மெக்கானிக் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "அன்னைக்கே அது பொய்க் கணக்குன்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"உங்களைக் காட்டிக் கொடுக்க மனசு வரலைங்க," என்றாள். பிறகு, "அது மட்டுமில்ல. அவ்வளவு தெளிவா எழுதியிருந்தீங்க. ஒருவேளை நான்தான் தூங்கினது தெரியாம புலம்பறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு," என்றாள்.

பஸ் வந்து போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.

மாத்திரை வேலை செய்ய மூன்று மாதம் ஆயிற்று. கால் அடங்கியது, தூக்கம் வந்தது. மெக்கானிக் அவளுக்குத் தெரியாமல் காப்பகத்துக்குப் போய் மேலாளரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தப்பு என்னுடையது, அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மேலாளர் அம்மாவும் கல்நெஞ்சக்காரி இல்லை, கண் கலங்கத்தான் செய்தது. ஆனாலும் எந்தத் தாயிடம் போய் நான் உத்தரவாதம் கொடுப்பேன் என்று கேட்டார்.

மெக்கானிக் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கோபப்படவில்லை.

"அவங்க சொல்றது சரிதாங்க. நானா இருந்தாலும் விட மாட்டேன்," என்றாள். "இப்ப ராத்திரி பூரா நல்லாத் தூக்கம் வருது. எழுந்து போறதுக்குத்தான் இடம் இல்ல."

அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் என்ன செய்தால் இது தீரும் என்று கேட்டார்.

"எனக்குத் தீராதுங்க. ஆனா இனிமே எந்தப் பொம்பளையாவது தூக்கம் வரலைன்னு சொன்னா, இந்த வயசுல அப்படித்தான்னு வாயை அடைச்சிடாதீங்க. அவளுக்குப் பதிலா நீங்களும் பேசாதீங்க. என்ன செய்யுதுன்னு அவளையே கேளுங்க. அவ உடம்பு அவளுக்குத்தான் தெரியும்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்னை யாராவது ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டிருந்தா, அந்தக் குழந்தையோட கை உடைஞ்சிருக்காது."