இது ரெண்டாவது

வயிறு நன்றாக மேடிட்ட பிறகும் அவள் அதன் மேல் கை வைத்துப் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் எட்டிப் பார்க்காது. முதல் பிள்ளை நிறைமாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கணவனும் அதைத் தொடாமல் விலகியே நடந்தான்.

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். மனசு கொஞ்சம் அமைதிப்பட யோகா வகுப்புக்கும் போகச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். நாத்தனார்தான் விடவில்லை.

"வாங்க அண்ணி, வாசல் வரைக்கும் நானும் வர்றேன்."

"இந்த வயித்தோட குட்டிக்கரணம் போடச் சொன்னா?"

"போடுங்க, நான் போட்டோ எடுத்துக்கிறேன்."

ஆஸ்பத்திரி மாடியில், நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்கிறவள் சின்னப் பெண். இடுப்பைத் தளர்த்துவது, சுவரைப் பிடித்துக் குந்துவது எல்லாம் இவளுக்கு வந்தது. "கண்ணை மூடிட்டு வயித்து மேல கை வச்சுக்கோங்க" என்று அந்தப் பெண் சொன்னபோது மட்டும் இவள் கை முழங்காலை விட்டு நகரவில்லை.

பக்கத்துப் பாயில் இருந்தவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், நல்ல வாயாடி.

"முதல் பிள்ளையா?"

"ஆமா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பெற்றவளே இல்லையென்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனாலும் வகுப்பை விடவில்லை. போய் வந்த நாள்களில் சற்றுக் கண் அயர முடிந்தது. பிறகொரு நாள், "மெதுவா வெளிய விடுங்க" என்ற குரலுக்கு மூச்சை விட்டவளுக்குக் கூடவே அழுகையும் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சின்னப் பெண் ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். "கொஞ்சம் வெளிய போய் உட்கார்றீங்களா?"

"வேணாம்." அவள் வேன்காரியின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். இது ரெண்டாவது. மூத்தது பொண்ணு. பிறக்கும்போதே உயிர் இல்ல."

வேன்காரி தன் பாயை இழுத்து அவள் பாயோடு ஒட்டிப் போட்டாள். "யார் ஜாடை?" என்று கேட்டாள்.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "மூக்கு அவங்க அப்பாவோடது. முடி என்னுது, அப்படியே சுருட்டை." சொல்லிக்கொண்டிருந்தவளின் கை தானாக வயிற்றுக்குப் போயிருந்தது. உள்ளே பிள்ளை புரண்டது.

சாயங்காலம் கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் சட்டையைக்கூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றான்.

"விரல் எல்லாம் நீளம்" என்றான். "அன்னிக்கு நான்தான் பிரிச்சுப் பார்த்தேன்."

இருவரும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பயம் முழுசாகப் போய்விடவில்லை. மாத்திரையும் நிற்கவில்லை. வலி கண்டபோது, பழகிய மூச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நடுவில் அதுவும் தப்பிப்போய்க் கத்தினாள். பையன் பிறந்து, வீறிட்டு அழுதான். அழுகை ஓயக் கூடாதே என்று அவளுக்கிருந்தது.

உள்ளே விட்டபோது கணவன் கட்டிலருகே வந்து தயங்கி நின்றான்.

"கீழ போட்டுருவேனோன்னு இருக்கு."

"உட்கார்ந்து வாங்கிக்கோங்க" என்று அவள் நகர்ந்து இடம் விட்டாள்.