லாலாய் கொட்டிய தண்ணீர்

1.

இந்தக் கதையை நான் ஜீப்னியில், எங்கள் ஊர் ஷேர் ஜீப்பில், திருடினேன். லெமெரியிலிருந்து தால் போகும் வண்டி. எதிரே இரண்டு பெண்கள், பழைய வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரிப்பதில் சண்டை.

"அந்தத் தண்ணிப் பானை எனக்கு வேணாம்டி. அதாலதான் அந்தக் காலத்துல நம்ம வீட்டு லாலாய் கல்யாணமே நின்னுச்சு."

"நின்னுச்சா? நடந்துச்சுன்னுல்ல எங்கம்மா சொன்னாங்க!"

"உங்கம்மாவுக்கு எல்லாக் கல்யாணமும் நடந்ததுதான்."

சந்தையில் இறங்கிப் போய்விட்டார்கள். நானும் குதித்து இறங்கி மீன் கடைகளுக்கு நடுவே தேடினேன். ஆள் அகப்படவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.*

(* மிகை. மூன்று வேளையும் இறங்கியது. நிம்மதிதான் இல்லை.)

2.

"1893ஆம் ஆண்டு, மழை ஓய்ந்த மாதத்தில், அழகி லாலாய் ஜன்னலருகே—"

வேண்டாம். இதுவரை முப்பத்தொரு காதல் நாவல் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒருத்தி ஜன்னலருகே நிற்கிறாள். கால் வலிக்காதா அவர்களுக்கு?

"தண்ணீர் நிறைந்த மூங்கில் குழாய்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெயோ மேட்டில் ஏறினான்."

இது பரவாயில்லை. வேலை செய்கிறவனிடமிருந்து தொடங்கினால் பொய் கொஞ்சம் குறையும்.

தெயோவுக்கு இருபத்து மூன்று வயது. லாலாயைக் கட்டிக்கொள்ள ஆசை. ஆகவே ஊர் வழக்கப்படி அவள் வீட்டுக்கு உழைக்கிறான். விறகு பிளக்க வேண்டும், நெல் குத்த வேண்டும், ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்துவந்து பின்பக்க மூங்கில் மேடையில் இருக்கும் பெரிய பானையை நிரப்ப வேண்டும். பெண்ணோடு தனியாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவள் அப்பாவுக்குத் திருப்தி வரும்வரை இதுதான். அப்பா மாங் பெர்தோவுக்குத் (மாங், பெண்களுக்கு அலிங்: பெரியவர்கள் பேருக்கு முன்னால் வைக்கும் மரியாதை) திருப்தி சுலபத்தில் வராது. ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

3.

இனி அவள் செய்த தப்பு.

தெயோ காலையிலேயே பானையை விளிம்புவரை நிரப்பிவிட்டுப் போய்விடுவான். நிறைந்த பானை இருந்தால் மறுநாள் காலைவரை அவன் வரத் தேவையில்லை. லாலாய்க்கு அது தாங்கவில்லை. மதியம் அப்பா கண்ணயர்ந்ததும் பாதித் தண்ணீரை மேடையின் இடுக்கு வழியாகக் கீழே கொட்டிவிடுவாள். பானை குறைந்ததைப் பார்த்து அம்மா சாயங்காலம் ஆள் அனுப்புவாள். தெயோ மறுபடி சுமந்துகொண்டு வருவான். படியேறும்போது ஒரு பார்வை. அதற்குத்தான் அத்தனை தண்ணீரும்.

மேடைக்குக் கீழே பன்றி சேற்றில் புரண்டு கொழுத்தது.

ஆனால் தூங்கி எழுந்ததும் மாங் பெர்தோ கொட்டாங்குச்சியை விட்டு அளந்து பார்ப்பார். அது அவளுக்குத் தெரியாது.

"ஏம்ப்பா தெயோ, உங்க வீட்ல நெறஞ்ச பானைன்னா இதுதானா? நாளைக்கு என் மகளுக்கும் அரை வயித்துக்குத்தான் போடுவியா?"

"காலைல ரொப்பிட்டுத்தான் போனேன், மாமா."

"மாமாவா? அதுக்குள்ளயா? மாங் பெர்தோன்னு சொல்லு, போதும்."

[அவனுக்குத் தெரியுமா? முதல் வரைவில் தெரியாது என்று வைத்தேன். அப்புறம் அவன் மூளைமீது எனக்கே கோபம் வந்தது. இப்போது தெரியும். அவள் பாவாடை ஓரம் நனைந்திருந்ததை ஒரு நாள் பார்த்துவிட்டான்.]

என் பதிப்பாசிரியர் லோர்னா தொலைபேசியில் கத்தினாள். "இவன் காதலனா, எருமையாடி? ஒரு தடவையாவது எதுத்துப் பேச வையேன்!"

"தெயோ சீறி எழுந்து—"

இல்லை. அவன் எழ மாட்டான். உண்மையைச் சொன்னால் ஊர் லாலாயைப் பார்த்துச் சிரிக்கும். ஆம்பளையைப் பார்க்கத் தண்ணீர் கொட்டினவள் என்று கோயில் வாசல்வரை பேசுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு பேரைக் கெடுத்துக்கொள்கிறான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

4.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, தெயோவின் பெற்றோர் அவனையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்டுப் படியேறி வருகிறார்கள். இரண்டு சேவல், வாழையிலையில் சுற்றி அவித்த சுமன் என்னும் அரிசிப் பலகாரம், ஒரு கூடை காப்பிக்கொட்டை. லாலாய் இழுத்து மூடும் மரத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வெளியே வரக் கூடாது.

"அண்ணே, மறைக்காம சொல்றேன்," என்கிறாள் தெயோவின் அம்மா அலிங் சபெல். "இவன் மாமன் படகு நாளைக்கு மிந்தோரோ தீவுக்குப் போவுது. நீங்க பொண்ணு தர மாட்டேன்னா இவனையும் ஏத்தி விட்டுருவேன். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டான். என் புள்ள கொறை என்னன்னு சொல்லிருங்க."

"கோவிச்சுக்காதீங்க, அலிங் சபெல். ஒன்றரை வருஷமா பாக்குறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், மத்தியானம் பானை நெறஞ்சு இருந்ததில்ல. ஒரு பானையைக் காப்பாத்தாதவன் குடும்பத்தை எப்படிக் காப்பாத்துவான்? எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு."

(அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்.)

அலிங் சபெல் மகன் பக்கம் திரும்புகிறாள். "வாயத் தொறடா. ரொப்புனியா, இல்லையா?"

தெயோ தரையைப் பார்க்கிறான்.

"இல்லம்மா."

தடுப்புக்குப் பின்னால் அது கேட்டுவிட்டது.

5.

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது பன்றி. தெயோவின் அப்பா வெற்றிலை துப்பக் கீழே இறங்குகிறார், சேற்றைப் பார்க்கிறார், மேலே அண்ணாந்து பார்க்கிறார், எல்லாம் புரிந்துவிடுகிறது. எழுதும்போது நானே சிரித்தேன். ஆனால் அவள் வாயைத் திறக்காமலே புருஷன் கிடைத்துவிடுகிறான். அடித்துவிட்டேன்.

இரண்டாவது லோர்னாவுடையது. "ஓடி வந்து அழட்டும்டி, எல்லாரும் சிரிக்கட்டும், கல்யாணம் பண்ணி வை. அட்டையில மணப்பொண்ணு படம் அச்சாயிடுச்சு, வெள்ளிக்கிழமை வேணும்."

மூன்றாவதில் அவள் பேசவில்லை. படகு போகிறது. பிறகு ஒரு குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு ஏழு பிள்ளை பெறுகிறாள். இதை எழுதிவிட்டு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தேன். துவைத்த துணியை மறுபடி துவைத்தேன்.

காரணம் எனக்குத் தெரியும், சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு நாள் கூடத்தில் ஒருவர் தலைகுனிந்து நின்றார், நான் செய்ததைத் தன் பேரில் போட்டுக்கொண்டு. நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நறுக்கி முடித்தபோது அவர் போய்விட்டிருந்தார். அதற்கப்புறம்தான் நாவல் எழுத ஆரம்பித்தேன். முப்பத்தொரு பெண்களை ஓடிவந்து பேச வைத்தேன். ஒருத்தி பேசியதையும் நான் நம்பவில்லை.

6.

லாலாய் தடுப்பில் கை வைத்திருக்கிறாள். கை வியர்த்திருக்கிறது. இதுவரை எனக்குத் தெரியும், என் கையும் அப்படித்தான் இருந்தது.

"அப்பா, அவர் ரொப்பிட்டுத்தான்—"

எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். அது அவள் குரல் இல்லை, இருபது வருடம் கழித்து அடுப்படியிலிருந்து வரும் என் குரல். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அவளை ஊமையாக்கவும் எனக்கு உரிமையில்லை.

கூடத்தில் அலிங் சபெல் கூடையைத் திரும்ப எடுத்துவிட்டாள். தெயோ சேவல்களைக் கால் பிடித்துத் தூக்கிக்கொண்டான். மாங் பெர்தோ வாசல்வரை வழியனுப்ப எழுந்திருக்கிறார்.

படிக்கிறவர்களே, உங்களில் யாராவது அப்படி ஒரு மறைவிலிருந்து வெளியே வந்து பேசியவர் உண்டா? இருந்தால், என்ன சொன்னீர்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம், எனக்கு நேரம் கடந்துவிட்டது. அவளிடம் சொல்லுங்கள்.

சீக்கிரம். அவர்கள் படியிறங்குகிறார்கள்.