பார்க்காத மாதிரி

ஒச்சப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். சிலமலை டீக்கடையில் உட்கார்ந்துவிட்டால், போடிமெட்டு ரோட்டில் தன்னை மிஞ்சி ஜீப் ஓட்ட ஆளே இல்லை என்பான். ஓட்டத்தில் குறை சொல்ல முடியாதுதான். விடிகாலை ஐந்து மணிக்கு ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றினால், ஆறரைக்கெல்லாம் மலைமேல் தோட்டத்து வாசலில் இறக்கிவிடுவான். எட்டு மணிக்குள் வெறும் வண்டியாகத் திரும்பி வந்து, அதே ஜீப்பில் அவர்களுடைய பிள்ளைகளை ஏற்றிப் போடியில் பள்ளிக்கூடத்தில் விடுவான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்சும் கிடையாது, வேனும் கிடையாது. டவுன் பஸ்சோ ஏழு மணிக்கு ஒன்று, அதை விட்டால் பத்து மணிக்கு ஒன்று. அந்நேரம் பெத்தவர்கள் எல்லாம் மலைமேல் ஏலச்செடிக்குள் குனிந்திருப்பார்கள். ஆகமொத்தம் ஊருக்கு ஒச்சப்பன் ஜீப்தான் ஸ்கூல் பஸ்.

எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாலு பிள்ளைகள். நெருக்கி உட்கார்ந்தால் எல்லாம் போகலாம் என்பது ஒச்சப்பன் கணக்கு. பிரேக் இன்ஸ்பெக்டர் கணக்கு வேறே. அவர் வண்டியை மறித்தால் பர்மிட்டுக்கே வேட்டு.

இதற்கு மலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வழி இருந்தது. அடிவாரத்தில் செக்கிங் என்று தெரிந்தால் பாதிப் பேர் முன்னாலேயே இறங்கிக்கொள்வார்கள். குறுக்குப் பாதையில் நடந்து, செக்கிங்கைத் தாண்டி மறுபடி ஏறுவார்கள். நடுவில் ஜீப்பைப் பார்த்தால் பார்க்காத மாதிரி போக வேண்டும். கேட்டால், நடந்து வர்றோம் சார். அவ்வளவுதான். வருஷக்கணக்காக நடக்கிற பழக்கம், யாருக்கும் அதில் கூச்சமில்லை. பெரியவர்கள் செய்கிற இந்தக் களவாணித்தனத்தைத்தான் ஒச்சப்பன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தான். சொல்லிக்கொடுத்ததோடு விட்டானா? டீக்கடையில் அதைப் பெருமையாக வேறு அளந்தான்.

"நம்ம பிள்ளைகளப் போலீசே வந்து கேட்டாலும் வாயத் தொறக்காதுக மாப்ளே. அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்."

அதில் முதல் மார்க் முத்துப்பிரியாவுக்கு. சுப்புத்தாய் மகள். ஆறு வயசு. தகப்பன் இல்லை. சுப்புத்தாய் விடிகாலை அதே ஜீப்பில் மலைக்குப் போகிறவள். "எம்பிள்ளையப் பாத்துக் கூட்டிட்டுப் போண்ணே" என்று தினமும் ஒருதடவை சொல்லிவிட்டுத்தான் மலைமேல் ஜீப்பை விட்டு இறங்குவாள். பிள்ளை ஒச்சப்பனை மாமா என்று கூப்பிடும். டிரைவர் சீட்டை ஒட்டின இடம் அதற்குத்தான். வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு ஜீப் நகராது, அத்தனை அழிச்சாட்டியம்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ரைஸ்மில் வளைவில் இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எதிரே வந்த பால்வண்டிக்காரர் கையைக் காட்டிவிட்டுப் போனார். ஒச்சப்பன் புளியமரத்தடியில் ஓரங்கட்டினான்.

"ஆறு பேரு எறங்குங்க. வெரசா. ராம்பிரசாத்து, நீதான் பெரியவன். தோப்புக்குள்ளாற கூட்டிக்கிட்டு பெட்ரோல் பங்குக்கு வந்துரு."

முத்துப்பிரியா சிரித்துக்கொண்டே குதித்து இறங்கினாள். காலில் புது வெள்ளை ஷூ. முந்தின நாள்தான் சுப்புத்தாய் வாங்கிக்கொடுத்தது.

எட்டுப் பிள்ளைகளோடு ஜீப் வளைவுக்குப் போனது. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார், எண்ணினார், போகச் சொல்லிக் கையை ஆட்டினார். ஒச்சப்பன் பவ்யமாக ஒரு கும்பிடு போட்டு, பங்க் வாசலில் போய் நின்றான். பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் தோப்பை விட்டு வெளியே வந்தார்கள்.

ஐந்து பேர்.

"முத்துப்பிரியா எங்கடா?"

ஐந்தாம் வகுப்பு ராம்பிரசாத் கையைப் பிசைந்தான். "தோப்புல தண்ணி பாச்சியிருக்காங்கண்ணே. ஒரே சகதி. ஷூ அழுக்காயிரும், அம்மா வையும்னு அவ ரோட்டுப் பக்கமாத் திரும்பிட்டா. கூப்பிட்டேன், வரல."

லாரி போகிற ரோடு அது. ஒச்சப்பன் பதிமூன்று பிள்ளைகளையும் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் பொறுப்பில் உட்காரவைத்துவிட்டு ஜீப்பைத் திருப்பினான். ஆத்தா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது, ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது என்று வாய் அதுபாட்டுக்கு முணுமுணுத்தது.

ஒன்றும் ஆகவில்லை. ரைஸ்மில் வளைவில், இன்ஸ்பெக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில், புத்தகப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முத்துப்பிரியா நின்றிருந்தாள். இன்ஸ்பெக்டர் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை தலையைத் தலையை ஆட்டியது. கன்னமெல்லாம் கண்ணீர்.

ஜீப் சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்தாள். ஒச்சப்பனைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்த மறுநொடி முகத்தை ரைஸ்மில் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒச்சப்பன் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். மிதிக்கவில்லை. அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

போனான் ஐயா, போனான். பெத்த பிள்ளை மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஆள், நடுரோட்டில் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போனான்.

வளைவுக்கு அப்பால் இருந்த பாலத்தைத் தாண்டித்தான் வண்டியை நிறுத்தினான். இன்ஸ்பெக்டர் என்ன பிள்ளை பிடிக்கிறவனா, பத்திரமாப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான் போய் நின்றால் ஜீப் போய்விடும், ஜீப் போனால் பதினாலு பிள்ளைகளும் வீட்டில்தானே கிடக்கும் என்றும் சொல்லிக்கொண்டான். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகம் திரும்பினது கண்ணை விட்டுப் போகவில்லை. அழுகிற பிள்ளை, தெரிந்த ஆளைப் பார்த்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டாமா? அதைக்கூடச் செய்யவிடாமல் பழக்கி வைத்திருக்கிறோமே, சீ, நாமெல்லாம் ஒரு மனுஷனா என்று இருந்தது அவனுக்கு.

வண்டியைத் திருப்பி, நேராக வளைவில் கொண்டுவந்து நிறுத்தி இறங்கினான்.

"சார், இது எஞ்ஜீப்புல வந்த பிள்ளை சார்."

இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இப்பத்தானே எட்டுப் பிள்ளைகளோட போனே? இந்தப் பாப்பா அதுல இல்லையே?" அவள் பக்கம் திரும்பினார். "பாப்பா, இவரு யாருன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"இந்த ஜீப்புலயா வந்தே?"

"நடந்து வர்றேன் சார்."

ஒச்சப்பனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "ஆத்தா, மாமாடா. சாருகிட்டச் சொல்லுத்தா."

முத்துப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். "யோவ், யாருய்யா நீ? பிள்ளை தெரியாதுங்குது, நீ மாமாங்குற? அங்கயே நில்லு, கிட்ட வராத." கூட இருந்த கான்ஸ்டபிள் ஒச்சப்பன் தோளில் கையை வைத்தார். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கூடினார்கள். சிலமலை ஆட்கள் இரண்டு பேர் பைக்கை நிறுத்தி, என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்கள்.

பிள்ளையின் கழுத்து அட்டையில் இருந்த நம்பருக்கு இன்ஸ்பெக்டர் போன் போட்டார். அது சுப்புத்தாய் நம்பர். மலைமேல் தோட்டத்துக்குள் டவர் எடுக்காது. இரண்டுதரம் போட்டும் கிடைக்கவில்லை.

தப்பிக்க இடமில்லை என்று ஒச்சப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை பேர் பார்க்க ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"சார், பொய் சொல்லச் சொல்லி நாந்தான் பிள்ளைக்குச் சொல்லிக்குடுத்தேன். பதினாலு பிள்ளை ஏத்துறேன். ஆறு பிள்ளைகள புளியமரத்துல எறக்கிவிட்டு, நடக்கவச்சு, அங்கிட்டு ஏத்திக்கிருவேன். யாரு கேட்டாலும் என்னையத் தெரியாதுன்னு சொல்லணும்னு பழக்கினது நாந்தான்." பிள்ளையைப் பார்த்தான். "ஆத்தா, மாமா சொன்னது தப்பு. இனிமே யாருகிட்டயும் அப்படிச் சொல்ல வேணாம். நெசத்தச் சொல்லுத்தா."

முத்துப்பிரியா இன்ஸ்பெக்டர் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லத் தலையை நீட்டினாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"சொன்னா ஜீப்பப் பிடிச்சுக்கிருவாங்கல்ல?"

"பிடிச்சுக்கிரட்டும்."

"அப்ப அம்மா நாளைக்கு எப்படி மலைக்குப் போகும்?"

வாயாடி என்று பேரெடுத்த ஒச்சப்பன் அழுதுவிட்டான். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் பிள்ளைக்குப் பயம் போய்விட்டது. ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமா எதற்கு அழுகிறார் என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, சமாதானம் செய்யப் பார்த்தாள்.

"நான் ஒண்ணுமே சொல்லல மாமா. மொதல்ல இப்படிப் போனீங்கல்ல, அப்பக்கூட நீங்க பாக்காத மாதிரி போனீங்க, நானும் பாக்காத மாதிரியே நின்னேன். கரெக்டாத்தானே செஞ்சேன்?"

கான்ஸ்டபிள் அவன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார், தொடவே பிடிக்காதவர் போல. பைக்கில் வந்த சிலமலை ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் சுப்புத்தாய் மலையிறங்கி வருவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஒச்சப்பன் அவளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். ஒச்சப்பனைப் பார்க்காமல் பிள்ளையைத்தான் கேட்டார்.

"மொதல்ல போனாரா? உன்னையப் பாத்துட்டா போனாரு பாப்பா?"

முத்துப்பிரியா சொல்லலாமா கூடாதா என்று ஒச்சப்பன் முகத்தைப் பார்த்தாள். அவன் என்ன சொன்னாலும் அதையே சொல்லத் தயாராக நின்றாள்.

"சொல்லுத்தா," என்றான் ஒச்சப்பன். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.