அத்தான் சொன்ன கிளிஷி

ரோஜா, “கிளிஷி” என்றது. கனம், “இல்லை” என்றது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவரை ஊரில் லென்ஸ்காரர் என்பார்கள். பழைய கண்ணாடிச் சாமான் வாங்குகிற எவரும், அவர் கண்ணில் ஒரு தடவை காட்டாமல் பேரத்தை முடிக்கமாட்டார்கள். அப்பேர்ப்பட்ட ஆள், காலையிலிருந்து அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பேப்பர்வெயிட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. வண்ணக் கண்ணாடிக் குச்சிகளைக் குறுக்கே நறுக்கி, பூப்பூவாக உள்ளே நெருக்கி அடுக்கியிருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் பிரான்சில் இந்த வேலைக்குப் பேர்போன பட்டறைகள் பக்கரா, சான் லூயி, கிளிஷி. இது எந்தப் பட்டறைச் சரக்கு என்பதுதான் வழக்கு.

காலமான அத்தான், சொத்து பிரிக்கும்போது தெருவைப் பார்த்த கடையைத் தன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பின்பக்கத்து வீட்டையும் இந்தக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டவர். “இது கிளிஷிடா, உனக்குப் புரியாது” என்று அன்று சொன்னதைக் கடைசி மூச்சுவரை மாற்றவில்லை. தம்பிக்குத் தெரிந்த கண்ணாடியெல்லாம் ஜன்னலில் மாட்டுவதுதான். ஆனாலும் கிளிஷியாவது கிழிசலாவது, வேறு எதுவாக இருந்தாலும் அது மட்டும் இருக்காது என்று அவரும் சாதித்தார். அண்ணன் போன பிறகும் விடவில்லை. நாலு பேர் கூடினால் போதும், கடையைக் கொடுத்துக் கல்லை வாங்கிய மேதாவியின் கதையை எடுத்துவிட்டு எல்லோரையும் சிரிக்கவைப்பார். அக்காவும் அந்தச் சபையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், சாயங்காலம் டீக்குக் கொழுந்தனை வரச்சொல்லிவிட்டு, காலையிலேயே தன் தம்பி லென்ஸ்காரரை இழுத்துவந்து உட்காரவைத்துவிட்டாள்.

“ரோஜா இருக்கு பாரு. ரோஜான்னா கிளிஷின்னு நீதானே சொல்லுவ?”

“சொல்லுவேன். மத்தவங்களும் ரோஜா வெச்சிருக்காங்கக்கா.”

“அப்போ கிளிஷி இல்லேங்கிறியா?”

“இல்லேன்னும் சொல்லல.”

“பின்ன என்னதான்டா சொல்ற?”

அது தெரிந்தால் அவர் ஏன் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்? கிளிஷிக் கண்ணாடியில் ஈயம் குறைச்சல். கையில் எடுத்தால் லேசாக இருக்கும். அசல் கிளிஷி ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தார். அளவு இரண்டும் ஒன்றுதான். ஒரு கைக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தார். கையை மாற்றிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அத்தானுடையதுதான் கையைக் கீழே இழுத்தது. “எங்க வீட்டுது நல்லாக் கெட்டி” என்று பாத்திரக் கடையில் நிற்பவள்போல அக்கா பெருமைப்பட்டாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடிப்பாகத்தைப் பார்க்கலாம் என்றால், மேசை கீறும் என்று அத்தான் பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருந்தார். அடியோடு நிற்காமல், ஒரு பக்கம் மட்டும் விரலளவு மேலேயும் ஏறியிருந்தது. அவர் கையால் ஒட்டியது, தொடக்கூடாது என்று அக்கா மதியம்வரை பிடிவாதம். துணிக்கு அடியில் எதை மறைக்கிறீர்கள் என்று கொழுந்தன் கேட்டால் என்ன சொல்வாய் என்று மடக்கிய பிறகுதான் வழிக்கு வந்தாள்.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, விசிட்டிங் கார்டின் விளிம்பைக் கொடுத்து, மெல்ல மெல்ல உரித்தெடுத்தார். பழைய அடி என்றால் உரசிய தேய்மானம் இருக்கவேண்டும். இது யாரோ மெருகு போட்டு, குழந்தை கன்னம்போல வழவழவென்று இருந்தது. இத்தனை பாடும் வீண். சலிப்பில் அப்படியே சாய்த்தவர், ஜன்னல் வெளிச்சத்தில் அசையாமல் நின்றுவிட்டார்.

துணி ஏறியிருந்த அந்தப் பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத பூக்களின் ஓரத்தில், கடுகைப்போல நாலு எண்: 1848. அதற்கு மேலே பக்கராவின் முதல் எழுத்து. கள்ளச்சரக்குப் பண்ணுகிறவனும் வருஷம் போடுவான் என்பதால், ஒவ்வொரு குச்சியாக மறுபடி பார்த்தார். குச்சி, கனம், எழுத்து எல்லாம் பக்கரா என்று ஒரே பேச்சைப் பேசின.

லென்ஸை வாங்கி அக்காவும் பார்த்தாள். பிறகு துணியை எடுத்துப் பழையபடி பொருத்தினாள். மேலே ஏறிய துண்டு சரியாக அந்த எழுத்தின்மேல் போய் உட்கார்ந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே இடம்.

“அவருக்குத் தெரிஞ்சிருக்குடா.”

“பக்கரா ஒண்ணும் மட்டமில்லக்கா. கிளிஷிக்கு எந்த விதத்திலும் சளைச்சதில்ல.”

“மட்டமா ஒசத்தியான்னு யார் கேட்டா? அவர் சொன்னது கிளிஷி. இவன் சொன்னது கிளிஷி இல்ல.”

கிளிஷி என்றே சொல்லிவிடு என்று மன்றாடினாள். அது மட்டும் முடியாது, என் கடையில் இருக்கிற ஒரே சரக்கு என் வாக்குதான் என்றார். அக்கா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. எழுந்துபோய்க் கோந்து எடுத்துவந்தாள்.

கொழுந்தன் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “என்ன மச்சான், தீர்ப்பு என்ன?” என்றார்.

லென்ஸ்காரர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “பிரெஞ்சுதானாம். அசல் பழசாம். எந்தப் பட்டறைன்னு மட்டும் இவனுக்குப் பிடிபடலையாம்.”

லென்ஸ்காரரின் தொண்டைவரை ஓர் எழுத்தும் நாலு எண்ணும் வந்து நின்றன. மேசைக்கு அடியில் அக்காவின் கால் அவர் காலை அழுத்தியது.

“காலையிலிருந்து பார்த்துமா?” கொழுந்தன் முகத்தில் வெளிச்சம் பரவியது. “ஊர்ச் சரக்குக்கெல்லாம் பேர் வைக்கிற ஆளாச்சே நீங்க?”

“பிடிபடல,” என்றார்.

கொழுந்தன் இரண்டு டீ குடிக்கிறவரைக்கும் சிரித்தார். கடைக்குத் திரும்பியும் நிறுத்தவில்லை. லென்ஸ்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, முன்கடையில் கொழுந்தன் யாரிடமோ போனில் அந்தக் கதையை ஆரம்பித்திருந்தார். லென்ஸ் வந்தது, பஞ்சு வந்தது, சாயங்காலம்வரை முழித்தது வந்தது. அண்ணன் பேச்சு ஓர் இடத்திலும் வரவில்லை.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு அசல் கிளிஷி இருந்த தம்பியின் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“உன்னுது லேசுதான்டா.”