அர்ச்சுனனின் காலை எடை

ஞாயிற்றுக்கிழமை காலை, புக்கிட் பெலண்டோக் தோட்டத்து வீட்டு ஹாலில் நான்கு பேர் இருந்தார்கள். அர்ச்சுனன் பிரம்பு நாற்காலியில், கைலியைப் பாதம் மறைய இறக்கி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராசா டவுனிலிருந்து வந்திருந்த மகள் ரதி சோபாவில், கார் சாவியைக் கீழே வைக்காமல். பக்கத்து வீட்டு மணியம் வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில். அவர் அந்தக் காலத்தில் தோட்டத்தில் ரப்பர் பாலை எடைபோட்டுக் கணக்கெழுதிய மண்டோர், கங்காணி மாதிரி. அர்ச்சுனனின் மனைவி பஞ்சாலை அடுப்படி நிலைப்படியில், உலையின் மேல் ஒரு கண்ணாக. நடுவில், கார்ப்பெட்டின் மேல், எடை பார்க்கும் மெஷின். விசாரணை அதன் மேல்தான்.

அர்ச்சுனனுக்கு இருதயம் பலவீனம். உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும், தினமும் காலையில் நிறுத்துப் பாருங்கள், இரண்டு கிலோ ஏறினால் உடனே கூப்பிடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். தொந்தி மறைப்பதால் அவருக்கு எண் தெரியாது. பஞ்சாலைதான் குனிந்து பார்த்து ரதிக்குப் போன் பண்ணுவாள். அந்த எண் ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும். அளந்து கொடுப்பதற்கு மேல் அப்பா திருட்டுத்தனமாகத் தேத்தண்ணி குடிக்கிறார் என்று ரதி முடிவு கட்டிவிட்டாள். இன்றைக்கு ஒரு வழி தெரியாவிட்டால் அவரை ராசாவுக்கே அழைத்துப் போய்விடுவதாகச் சொன்னாள். அவளுடைய வீடு அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. தன் ஆடுகளுக்கு அங்கே இடமில்லை, தனக்கும் இல்லை என்பது அர்ச்சுனனின் கட்சி.

"மெஷின் பொய் சொல்லுது. என்னைய ஏன்லா கேக்குற?" என்றார்.

மணியம் பிரிக்காத பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றைக் கேட்டு வாங்கினார். கார்ப்பெட்டின் மேல் வைத்தபோது அரிசி எட்டரை கிலோ. குளியலறையின் சாய்ந்த தரையில் பதினொன்று. மெஷினைத் திருப்பி வைத்ததும் வேறொன்று. அடுப்படிச் சிமெண்டுத் தரையில் சரியாகப் பத்து. எடுத்து எடுத்து வைத்தும் பத்துதான்.

"அரிசிக்கு ஹார்ட் டிரபள் இல்ல," என்றார் மணியம். "இனிமே சிமெண்டுலயே வைங்க."

வீடு கூட்ட வசதியாகப் பஞ்சாலை மெஷினை அங்கங்கே நகர்த்தியதும், பாதம் சில்லிடுகிறது என்று அர்ச்சுனன் கார்ப்பெட்டைத் தேடிப்போனதும் அப்போது வெளியே வந்தன. எழுந்ததும், கக்கூஸ் போய் வந்து, வாயில் எதுவும் படுவதற்கு முன், கைலியோடு, அதே சிமெண்டில் என்று ரதி சட்டம் போட்டாள். பிறகு அப்பாவை ஏற்றினாள். எழுபத்து நாலு.

நேற்று எங்கே நிறுத்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டாள். இதே இடத்தில்தான் என்றாள் பஞ்சாலை.

"எழுபத்தொண்ணுன்னு சொன்னீங்களேம்மா?"

மறைக்க எதுவும் இருப்பதாகப் பஞ்சாலைக்குத் தோன்றவில்லை. "மெஷின் எழுபத்து நாலுதான் காட்டுச்சு. நான் கழிச்சுல்ல சொன்னேன். கைலிக்கு அரை. மிச்சம் தண்ணிக்கு."

"எந்தத் தண்ணிக்கு?"

"காலுல நின்ன தண்ணிக்கு. அது அவரு வெயிட்டா?"

பால்மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில் அவள் கொண்டுபோன பால், நிறுத்தது நிறுத்தபடி அவள் பேரில் கணக்கில் ஏறியதே இல்லை. வாளிக்குக் கழிவு, மழைத் தண்ணீருக்குக் கழிவு. மண்டோர் பாலின் முகத்தைப் பார்த்துக் கழிப்பார். அவள் புருஷனின் காலைப் பார்த்துக் கழித்தாள். வீக்கம் கூடிய நாளில் கூடுதலாக.

மூவரும் மணியத்தைப் பார்த்தார்கள்.

"நான் வாளிக்குத்தான் தங்கச்சி கழிச்சேன்," என்றார் அவர். "மனுசனுக்கு இல்ல."

ரதி அப்பாவின் கைலியை லேசாகத் தூக்கி, கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

"அம்மா," என்றாள், குரலை உயர்த்தாமல். "டாக்டர் கேக்குறதே அந்தத் தண்ணியத்தான்."

பஞ்சாலை போய் அடுப்பை அணைத்தாள். கேட்டதைக் கொட்டிவிட்டுக் கேட்காததை அல்லவா இத்தனை நாளும் அனுப்பியிருக்கிறாள்.

ரதி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாள். உடனே கொண்டுவரச் சொன்னார்கள்.

"அப்புறம் ராசாவுக்கா?" என்றார் அர்ச்சுனன்.

"தண்ணி எறங்கட்டும். அப்புறம் இங்கதான். நீங்க தேத்தண்ணி திருடலல்ல."

ஒரேயொரு தடவை குடித்ததைப் பற்றி அர்ச்சுனன் வாய் திறக்கவில்லை.

அவர் சட்டை மாற்றுவதற்குள் பஞ்சாலை ஒரு தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். வாயால் சொன்னால் போதாதா என்றாள் ரதி. வாயால் சொல்லித்தானே இப்படி ஆனது என்றாள் பஞ்சாலை.

'டாக்டருக்கு வணக்கம். இத்துடன் வருபவர் எழுபத்து நாலு கிலோ. நேற்றுச் சொன்னதில் மூன்று கிலோ நான் கழித்தது. அவர் குறைந்தது அல்ல. முந்திய நாட்களிலும் கழித்திருக்கிறேன். இனி மெஷின் காட்டுவதையே சொல்வேன்.' கொஞ்சம் யோசித்து, 'கைலி உட்பட' என்று சேர்த்தாள்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்றாள் ரதி.

"நீ படிச்சுச் சொல்லு. கழிக்காம."

தாளை மடித்து ஓர் உறையில் போட்டு, உலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து அதன் வாயில் தேய்த்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். ரதி அதைக் கைப்பையில் வைத்தாள். அர்ச்சுனன் முன் சீட்டில் ஏறினார். கார் செம்மண் பாதையில் திரும்பிப் போனது.